கோஸ் வாடினால் மருந்துக்கடைக்குத்தான் போக வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீலகிரிக் காய்கறி என்றதும் பேச்சு மேட்டுப்பாளையம் மண்டி விலைக்கும் காட்டெருமைத் தொல்லைக்கும் போய்விடுகிறது. இரண்டும் உண்மையான சங்கடங்கள்தான். ஆனால் இங்கே பல தோட்டங்களில் பயிர் தோற்பது மண்ணுக்குள்ளே. அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஆள் இல்லை என்பதே இக்கடிதத்தின் விஷயம். உதவித் தோட்டக்கலை அலுவலரின் நாள் மானிய விண்ணப்பம், அடங்கல், புகைப்படப் பதிவு என்றே கழிகிறது. செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்கும் வேலை மருந்துக்கடைக்காரரிடம் போய்விட்டது. அவரும் வேரைப் பார்ப்பதில்லை. கைப்பேசியில் இலையின் படத்தைப் பார்த்து மருந்து கொடுக்கிறார்.

முட்டைக்கோஸை எடுத்துக்கொள்வோம். நண்பகலில் இலை துவண்டு, மாலையில் நிமிர்ந்து, சில வாரங்களில் வளர்ச்சி நின்றுவிட்டால், செடியை மண்ணோடு தோண்டி வாளித் தண்ணீரில் அலசிப் பார்க்க வேண்டும். வேர் இஞ்சிக் கிழங்குபோல் விரல் விரலாகத் தடித்திருந்தால் அது வேர்வீக்க நோய். கடைக்காரர்கள் ‘கிளப் ரூட்’ என்பார்கள். மணிமணியாகச் சிறு முடிச்சுகள் இருந்தால் அது மண்ணில் வாழும் நுண்ணிய புழுவான வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. வேர்வீக்கம் வந்த செடிக்கு எதை ஊற்றினாலும் அது தேறாது. அந்த நோய்க்கிருமியின் வித்துகள் பத்தாண்டுகளுக்கு மேல் மண்ணில் உயிரோடு கிடக்கும். புளிப்பு மண்ணும் தேங்கிய நீரும் அதற்குக் கொண்டாட்டம். நோய் பெரும்பாலும் நாற்றோடும், மண்வெட்டியில் ஒட்டிய சேற்றோடும் அடுத்த தோட்டத்துக்குப் போகிறது.

இதற்குச் சுண்ணாம்பு போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பதில்தான் தப்பு நடக்கிறது. மண் பரிசோதனை அட்டையில், புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு மட்டும் இருந்தால் போதாது (எண் குறைந்தால் புளிப்பு அதிகம்). நம் மலை மண்ணில் மட்குச் சத்தும் களிமண்ணும் அதிகம், அவை தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். பி.எச். 5 காட்டும் இரண்டு தோட்டங்களில் ஒன்றுக்குப் போடும் சுண்ணாம்பைப் போல இரண்டு மடங்கு மற்றதற்குத் தேவைப்படலாம். ஆய்வகம் ‘சுண்ணாம்புத் தேவை’ என்ற கணக்கையும் சேர்த்தே அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். நோய் உள்ள நிலத்தில் கோஸ் வைக்க பி.எச். 7.2 வரை உயர வேண்டும். அதே பாத்தியில் அடுத்து உருளை போட்டால் கிழங்கில் சொறி வரும். ஸ்ட்ராபெரிக்கோ 5.5 முதல் 6.5 வரைதான் ஏற்றது. ஆகவே எந்தப் பயிருக்குப் பின் எது என்று திட்டமிட்டுத்தான் சுண்ணாம்பு இட வேண்டும். நடவுக்கு ஒரு மாதமாவது முன்னதாக, ஈர மண்ணில் கலந்துவிட வேண்டும்; யூரியாவோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போகும். ஜிப்சம் புளிப்பைக் குறைக்காது. இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சுண்ணாம்புக்குப் பதில் ஜிப்சத்தை வாங்கிப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உருளையின் முட்டைக்கூடு நூற்புழு 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. நம் விதைக்கிழங்கு வெளிமாநிலம் போக முடியாமல் ஆனது அதனால்தான். முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. எதிர்ப்புத் திறனுள்ள குஃப்ரி சுவர்ணா ரகமும் வந்தது. ஆனாலும் விதைக்கும் முன் மண்ணைச் சோதித்துக்கொள்ளும் வழக்கம் பரவவில்லை. தோட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து நாற்பது ஐம்பது இடங்களில் ஒரு சாண் ஆழத்துக்குள் பிடிப்பிடியாக மண் எடுத்து, நிழலில் நன்றாக உலர்த்தி, வாளி நீரில் கலக்கினால், புழுவின் காய்ந்த முட்டைக்கூடுகள் மேலே மிதந்து விளிம்பில் ஒதுங்கும். குண்டூசித் தலையளவு பழுப்பு உருண்டைகள், கைலென்ஸ் போதும். இது முதற்பார்வைதான், உறுதிசெய்ய ஆய்வகம் வேண்டும். கூடு இருந்தால் உருளையை நிறுத்தி, கேரட், பீன்ஸ், பூண்டு என்று சுழற்சிக்குப் போக வேண்டும். அந்தக் கேரட்டையும் ஊர்ச் சேற்றோடு பொது இடத்தில் கழுவி, மண்டியிலிருந்து திரும்பி வந்த பழைய சாக்கில் கட்டினால், சேற்றோடு கூடுகள் மறுபடி பரவி, பட்ட பாடு வீண்.

ஸ்ட்ராபெரி சாகுபடியில் புதிதாக இறங்குபவர்களுக்கு ஆலோசனை இன்னும் குறைவு. நாற்றின் குருத்து மண் மட்டத்தோடு நிற்க வேண்டும். புதைந்தால் அழுகும், தூக்கி நின்றால் காயும். பழைய தோட்டத்தில் தரையோடு படர்ந்து வேர்விடும் ஓடுதண்டிலிருந்து நாற்று எடுத்தால் செஞ்சிலந்தியும் கூடவே வரும். மழைக்காலச் சாம்பல் பூசணத்துக்கு முதல் மருந்து, அழுகிய பழத்தையும் முதிர்ந்த இலையையும் பொறுக்கித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோவது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கும் பழம் இது. ஏழு நாள் காத்திருப்புக் காலம் உள்ள மருந்தை அடித்துவிட்டு மூன்றாம் நாள் பறித்தால், அது குழந்தைகளின் வாய்க்குப் போகிறது. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

தோட்டக்கலைத் துறையிடம் கேட்பது பெரிய செலவல்ல. வாரம் ஒரு நாள், கேரட் கழுவும் இடங்களில், லோடு ஏறும் நேரத்தில் ஓர் அலுவலர் உட்கார வேண்டும். கையில் லென்ஸ், பி.எச். மீட்டர், ஒரு வாளி. வேரோடு பிடுங்கி வந்த செடியைப் பார்த்து, மருந்தின் மூலப்பெயர், பத்து லிட்டருக்கு அளவு, அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாள் மூன்றையும் சீட்டில் எழுதித் தர வேண்டும். மருந்து தேவையில்லை என்றால் அதையும் எழுதித் தர வேண்டும். மானியக் கோப்பு வேலையைத் தனி எழுத்தரிடம் விட்டால் இதற்கு நேரம் கிடைக்கும். ஆகஸ்டு, செப்டம்பர் உருளை நடவுக்கு ஜூன் மாதமே மண் மாதிரி எடுத்து முடித்தாக வேண்டும். நடவு நெருங்கிய பிறகு வரும் அட்டையை வைத்துக்கொண்டு அந்தப் போகத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது.

இப்படிக்கு,
மலைக்காய்கறி விவசாயி,
கேத்தி, நீலகிரி.