தாழ்தளப் பேருந்து வந்தது. நிறுத்தம் அப்படியே இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் 2024 ஆகஸ்டில் 58 தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது, சக்கர நாற்காலியில் நடமாடும் என்னைப் போன்றவர்களுக்கு மகிழ்ச்சிதான். உயர் நீதிமன்றம் வரை போய் வாதாடிக் கிடைத்தவை ஆயிற்றே. பிறகு மின்சாரப் பேருந்துகளும் சேர்ந்துகொண்டன. வண்டியில் எனக்குப் பெரிய குறையில்லை. நிறுத்தத்தில்தான் சிக்கல்.

பேருந்தின் தளம் சாலையிலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ. உயரம். நடைபாதை 15 செ.மீ. உயர்ந்திருந்து, வண்டியும் அதை ஒட்டி நின்றால், சாய்தளப் பலகையில் ஏற வேண்டியது 25 செ.மீ.தான். ஆனால் நிறுத்தத்தை ஷேர் ஆட்டோக்கள் பிடித்துக்கொள்ள, பேருந்து நடுச்சாலையில் நிற்கிறது. பலகையைத் தார்ச்சாலையில் இறக்கினால் ஏணி மாதிரி நிற்கும். பின்னாலிருந்து தள்ள ஆள் வேண்டும். அதற்கு முன் நடைபாதையில் ஏற வேண்டுமே! பைக்குகளைத் தடுக்க நட்ட இரும்புக் குழாய்களுக்கு இடையே பைக்குகள் நுழைந்துவிடுகின்றன. என் நாற்காலிதான் மாட்டிக்கொள்கிறது.

வண்டி வாங்குவது ஒரு துறை, நடைபாதை போடுவது இன்னொரு துறை, ஆட்டோவை நகர்த்த வேண்டியது காவல் துறை. வீட்டு வாசலிலிருந்து இருக்கை வரை முழு வழியும் தெரிந்தவர் பயணி மட்டுமே. அவரிடம் பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் கருத்துக் கேட்கிறார்கள்.

ஜெய்ப்பூர் செயற்கைக் கால் வேறு விதமாக உருவானது. வெளிநாட்டு மாதிரிக் கால்களைப் பலர் கழற்றி மூலையில் போட்டுவிட்டார்கள். அவற்றோடு குந்தவோ, சம்மணமிடவோ, வெறுங்காலோடு ஈர வயலில் இறங்கவோ முடியவில்லை. 1960களின் இறுதியில் மருத்துவர் பி.கே.சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் அந்தப் புகார்களையே அளவுகோலாக வைத்து ரப்பரில் புதுக் காலைச் செய்தார்கள். சர்மா பொறியியல் படித்தவர் அல்லர்.

அடுத்த முறை ஒப்பந்தப்புள்ளி கோருமுன், மாதிரி வண்டி ஒன்றை மாலை நெரிசலில் உண்மையான நிறுத்தம் ஒன்றுக்குக் கொண்டுவாருங்கள். சக்கர நாற்காலிக்காரர், பார்வையற்றவர், முழங்கால் வலிக்கும் பாட்டி, பலகையை விரிக்கப்போகும் ஊழியர் எல்லாரையும் கூப்பிடுங்கள். அவர்கள் சொல்லும் ஆட்சேபங்களுக்கு எழுத்தில் பதில் வேண்டும். ஆலோசகர்களுக்குத் தருவதுபோல அவர்களுக்கும் ஊதியம் வேண்டும் (டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று போர்த்தும் சால்வை அந்தக் கணக்கில் சேராது). முதல் சோதனைக்கு எங்கள் தெரு முனை நிறுத்தமே போதும். மாலை ஆறு மணிக்கு வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வில்லிவாக்கம், சென்னை