செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. வடிகாலை ஐப்பசிக்கு முன்பே தூர்வாரினோம். சந்தா பாக்கி யாருடையது என்பது அவரவருக்கே தெரியும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

என் நேரத்தில் பாதியை விழுங்கியது நம் நகரின் பின்புறத்து மண்மேடுதான். அங்கே குழந்தைகள் பூங்கா அமைக்கச் சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். "அது பழைய துப்பாக்கி சுடுதளம் சார், குண்டைத் தடுக்கக் கொட்டின மேடு" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் அப்போதே எச்சரித்தார். சரி, மண்ணைப் பார்த்துவிடுவோம் என்று இறங்கினோம்.

குண்டில் பெரும்பகுதி ஈயம்; குழந்தைகளுக்கு அது நஞ்சு. அதைக் கெட்டிப்படுத்த ஆன்டிமனி சேர்ப்பார்கள். மேலுறை இருந்தால் செம்பும் துத்தநாகமும் உண்டு. சிறிய பாயின்ட் 22 குண்டே சுமார் 2.6 கிராம் இருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டு மண்ணுக்கு வைத்திருந்த ஈய அளவுகோலை 2024 ஜனவரியில் கிலோவுக்கு 400 மில்லிகிராமிலிருந்து 200 ஆகக் குறைத்தது. அந்தக் கணக்கில், ஒரே ஒரு குண்டு பொடியானால் 13 கிலோ சுத்த மண் எல்லையைத் தொட்டுவிடும்.

முதல் பரிசோதனை வீண். ஓரிடத்தில் இரண்டு கைப்பிடி அள்ளிக் கொடுத்தோம். ஆய்வகத்திலிருந்து ஒரே ஒரு எண் மட்டும் வந்தது. மண்ணைச் சலித்தார்களா என்று ஒரு வரிகூட இல்லை. பரிசோதிக்கும் அரை கிராம் மண்ணில் ஒரு மில்லிகிராம் ஈயத்துணுக்கு விழுந்தாலே கிலோவுக்கு 2000 என்று காட்டும். தப்பு பாதி நம்முடையதுதான்.

பிறகு, ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியரான நம் உறுப்பினர் கைகொடுத்தார். இடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முப்பது இடங்களில் மேல்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்தோம். உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தோம். மேலே தங்கிய குண்டுத் துண்டுகளைத் தனியாக எடை போட்டோம். மண்ணிலுள்ள ஈயத்தை அங்கேயே அளக்கும் கையடக்க எக்ஸ்ரே கருவியை மழைக்காலத்திலேயே ஒருவர் கொண்டுவந்திருந்தார். ஈர மண்ணில் அது குறைத்துக் காட்டும் என்பதால் பங்குனி வெயிலில் மறுபடி அளந்தோம். அப்புறம்தான் அமிலத்தில் கரைத்துப் பார்க்கும் ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.

மேட்டின் முகப்பில் ஈயம் 200-ஐ எங்கேயோ தாண்டியது. சாலையோரப் பகுதி அதற்குள் அடங்கியது. ஆகவே பூங்கா சாலையோரத்துக்கு நகர்கிறது. மேட்டை இலவசமாக அள்ளிக்கொண்டு போகிறேன் என்று லாரிக்காரர் ஒருவர் வந்தார். யார் வீட்டு அஸ்திவாரத்தில் கொட்டுவாரோ! வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். மேட்டைச் சுற்றி வேலி போட்டாயிற்று.

ஒரு வேண்டுகோள். மாடித்தோட்டத்துக்கு அந்த மேட்டு மண்ணை எடுத்தவர்கள் கூச்சப்படாமல் என்னிடம் சொல்லுங்கள். அந்தத் தொட்டிக் கீரையை இப்போதைக்குச் சமைக்க வேண்டாம். அடுத்த முறை அனுப்பும் மாதிரிகளோடு அந்த மண்ணையும் சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்