பாத்ரூம் டிராயிங் போடும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் உன்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் ஆர்க்கிடெக்சர் படித்து, மியூசியமும் நூலகமும் டிசைன் செய்து ஜூரியில், அதாவது டிசைனை மதிப்பிடும் குழுவிடம், பாராட்டு வாங்கிவிட்டு, இப்போது ஆபீசில் மாதக்கணக்காக பாத்ரூம் டீடெயிலும் கதவு ஷெட்யூலும் (எந்தக் கதவு எந்த அளவு என்ற பட்டியல்) போட்டுக்கொண்டிருக்கிறாய். "இதுக்கா படிச்சேன்?" என்றாய். நான் அங்கேயே பதில் சொல்ல ஆரம்பித்திருந்தால் "சரிம்மா, சரிம்மா" என்று போனை வைத்திருப்பாய். அதனால் எழுதுகிறேன்.

நான் ஆர்க்கிடெக்ட் இல்லை. ஆர்க்கிடெக்ட் ஆபீசில் டிராயிங் போட்டே காலத்தைக் கழித்தவள். உன்னைப் போலப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, தேறி, கிளம்பிப் போயிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன்: பாத்ரூமை உன் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்றால் அது நல்லதற்குத்தான். ஒரு கட்டடத்தின் அத்தனை வம்பும் மிகச் சிறிய இடத்தில் கூடி நிற்பது அங்கேதான்.

ஷவர் இடத்துக்குச் சுவருக்குச் சுவர் 900 மி.மீ. என்று எழுதுகிறாய். எந்த முகத்திலிருந்து எந்த முகத்துக்கு? செங்கல் முகம் என்று எடுத்துக்கொண்டு கொத்தனார் கட்டிவிடுவார். அப்புறம் பூச்சு ஏறும், அதன் மேல் டைல்ஸ் ஒட்டும் கலவை, அதன் மேல் டைல்ஸ். ஒரு பக்கத்துக்கு 30 மி.மீ. போனாலும் மிச்சம் 840தான். 900க்கு ஆர்டர் செய்த ஷவர் டிரே வாசலிலேயே நிற்கும். யாரும் தப்பு செய்யவில்லை, எல்லோரும் டிராயிங்படிதான் செய்தார்கள். 'முடிந்த அளவு', அதாவது டைல்ஸ் ஒட்டி முடிந்த பிறகு இருக்க வேண்டிய அளவு, என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும்.

அதே அறையில் தரைக்கு வாட்டம் வேண்டும், மீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர். வாட்டம் எந்தப் பக்கம், தண்ணீர் போகும் வழி எங்கே, கதவுப் பக்கம் தரை மட்டம் வெளி அறையைவிட எவ்வளவு இறக்கம், கதவைத் திறந்தால் வாஷ்பேசினில் இடிக்குமா, டைல்ஸை எந்த மூலையிலிருந்து ஆரம்பித்தால் கடைசியில் இரண்டு விரல் அகலத் துண்டு வராமல் இருக்கும், பைப் போகும் சுவரில் பீம் குறுக்கே வருகிறதா, இதையெல்லாம் நீதான் முடிவு செய்கிறாய். மியூசியம் டிசைன் செய்தபோது இதில் ஒன்றையாவது யாராவது உன்னிடம் கேட்டார்களா?

அடுத்து மாடிப்படி கொடுப்பார்கள். இரண்டு படி உயரத்தோடு ஒரு படியில் கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் கிட்டத்தட்ட 60 முதல் 65 செ.மீ. வரவேண்டும் என்ற கணக்கு உனக்குத் தெரியும். பிரான்சில் 17ஆம் நூற்றாண்டிலேயே பிளாண்டெல் என்ற ஆர்க்கிடெக்ட் எழுதிவைத்தது. கணக்கு சரியாக வந்தும் படி தப்பாகும். எப்படி என்று பார். கான்கிரீட்டில் எல்லாப் படியும் 150 மி.மீ. என்று வைத்துக்கொள். கீழ்த்தளம், மேல்தளம் இரண்டிலும் தரைக்கு மேல் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 50 மி.மீ. ஃபினிஷ், படிகளுக்கு மேல் 20 மி.மீ. கல். ஏறிப் பார்த்தால் முதல் படி 120, நடுவில் எல்லாம் 150, மேல் தளத்துக்குக் கால் வைக்கும் கடைசிப் படி 180. கால் பழகிக்கொண்ட உயரம் ஒன்று, கடைசியில் வருவது வேறொன்று. அங்கேதான் தடுக்கும். படியை வெட்டிப் பார்ப்பது போல வரையும் செக்‌ஷனில் ஃபினிஷைச் சேர்த்து வரைந்தால் இது கண்ணில் படும். வெறும் கான்கிரீட்டை மட்டும் வரைந்தால் படாது.

எங்கள் காலத்தில் டிரேசிங் பேப்பரில் இங்க் பேனாவால் போட்ட கோட்டை அழிக்க பாதி பிளேடால் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் பேப்பர் ஓட்டையாகிவிடும். அதனால் யோசித்துவிட்டுத்தான் கோடு போடுவோம். அந்தக் காலம் பொற்காலம் என்றெல்லாம் சொல்ல வரவில்லை, டிராயிங்கை நகலெடுக்கும் அமோனியா பிரிண்ட் நாற்றம் எனக்கே போதும். கம்ப்யூட்டரில் எனக்குப் பயம் ஒன்றுதான்: பழைய புராஜெக்டிலிருந்து காப்பி எடுத்து ஒட்டுவது. பழைய கதவு, பழைய அளவு, பழைய குறிப்பு எல்லாம் சத்தமில்லாமல் கூடவே வந்துவிடும். ஒட்டிய பிறகு ஒவ்வொரு எழுத்தையும் படி. துண்டு அளவுகளைக் கூட்டினால் மொத்த அளவு வருகிறதா என்று கையால் கூட்டிப் பார். சைட்டில் யாரும் ஸ்கேல் வைத்து அளக்க மாட்டார்கள், எழுதியிருக்கும் எண்ணைத்தான் நம்புவார்கள்.

இன்னொன்று. கொஞ்ச நாளில் ஷாப் டிராயிங்கை, அதாவது பாகங்களைச் செய்து தருபவர் நம் டிராயிங்கைப் பார்த்துத் தன் வேலைக்காகப் போடும் டிராயிங்கை, செக் பண்ணச் சொல்வார்கள். அந்த ஃபேப்ரிகேட்டர் அனுப்பிய கட்டு மேஜையில் கிடக்கும், அவசரம் என்பார்கள். அன்றைக்கு அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி ஹோட்டலை நினைத்துக்கொள். 1981 ஜூலை 17 அன்று ஹயாத் ரீஜென்சியின் லாபிக்கு மேல் தொங்கிய நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதலில் வரைந்தது, கூரையிலிருந்து, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருந்த இரண்டு பாலங்களையும் தாங்கி இறங்கும் ஒரே நீளக் கம்பி. அதற்கு நீளத்துக்கு மரை போட வேண்டும், வேலை கஷ்டம். அதனால் கம்பியை இரண்டாக்கினார்கள்: கூரையிலிருந்து மேல்பாலத்துக்கு ஒன்று, மேல்பாலத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு ஒன்று. பேப்பரில் பார்த்தால் சின்ன மாற்றம். ஆனால் மேல்பாலத்தின் பீமுக்கு அடியில் இருந்த நட்டின் மேல் கீழ்ப்பாலத்தின் பாரமும் சேர்ந்து இரட்டிப்பாகிவிட்டது. யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்காமலேயே அந்த டிராயிங் தாண்டிப் போய்விட்டது.

நட்டின் பாரத்தைக் கணக்கிடுவது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேலை, உன் வேலை இல்லை. முதலில் வரைந்ததும் இப்போது வந்திருப்பதும் ஒன்றில்லை என்று கண்டுபிடித்து, "இதை அவர்கிட்ட காட்டியாச்சா?" என்று கேட்பது உன் வேலை. புதிதாகச் சேர்ந்தவள் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நாலைந்து வருஷம் போன பிறகு கேட்கத்தான் கூச்சம் வரும். என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களில் தேறியவர்கள் இப்படி நச்சரித்துக் கேட்டவர்கள்தான். கெட்டிக்காரர்கள் என்று பேர் வாங்கி, கேட்காமலே ஊகித்துப் போட்டவர்கள் சைட்டில் மாட்டிக்கொண்டு முழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

சைட்டுக்குக் கூப்பிட்டால் போ. கூப்பிடாவிட்டால் கேட்டு வாங்கிப் போ. நீ வரைந்ததைக் கையில் வைத்திருக்கும் மேஸ்திரியிடம், இதில் எது புரியவில்லை என்று கேள். மரியாதைக்குப் புகழ்ந்து ஆரம்பிப்பார், கொஞ்சம் பொறுத்தால் உண்மை வரும். ஆனால் அங்கே நின்றபடி எதையும் மாற்றச் சொல்லாதே. "ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வா, அன்று சாயங்காலமே மெயிலில் எழுதிப் போடு. வாயால் சொன்னதை மூன்று மாதம் கழித்து ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி நினைவு வைத்திருப்பார்கள்.

கூடப் படித்தவன் ஒருவன் சொந்தமாக வீடு டிசைன் செய்து படம் போட்டிருக்கிறான் என்று வருத்தப்பட்டாய். போடட்டும். பெரிய ஆர்க்கிடெக்ட் என்று பேர் எடுத்த அமெரிக்கரான லூயி கான் பிறந்தது 1901இல். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த யேல் பல்கலைக்கழக ஆர்ட் கேலரி முடிந்தது 1953இல். டாக்காவின் நாடாளுமன்றக் கட்டடமெல்லாம் அதற்கும் பிறகு. இந்தத் தொழிலில் முப்பது வயது சின்ன வயதுதான்.

அதற்காக ராத்திரி பதினொரு மணி வரை தினமும் உட்கார வைத்தால் பொறுத்துக்கொள் என்று சொல்ல மாட்டேன். டெட்லைனுக்கு முந்தின வாரம் உட்காரலாம், அது எல்லா ஆபீசிலும் உண்டு. வருஷம் முழுக்க அப்படி என்றால் அங்கே யாருக்கோ வேலையைத் திட்டமிடத் தெரியவில்லை. நீ கற்றுக்கொள்வதும் நின்றுபோயிருக்கும். அப்படியானால் வேறு இடம் பார், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். அப்பா கேட்பார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். அவருக்கு நீ இன்னும் 'இன்ஜினியர்'தான், அதை முதலில் திருத்த வேண்டும்.

எங்கே போனாலும் நீ போட்ட டிராயிங்குகளில் எதையெல்லாம் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம் என்று ஆபீசில் கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள். கிளம்பும் நாளில் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். வேலை நடக்கும்போதே, பூசி மறைப்பதற்கு முன்னால், பைப்பையும் கம்பியையும் தேதியோடு போட்டோ எடுத்து வை. எந்த புராஜெக்டில் எந்தப் பகுதி உன்னுடையது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வா. அடுத்த இன்டர்வியூவில் அதைத்தான் கேட்பார்கள்.

அன்புடன்,
அம்மா