பாப்பாவின் முதல் சோறு

லுட்விக்ஸ்பூர்க், ஜெர்மனி
நவம்பர் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் இங்கே நலம். அம்பாசமுத்திரத்தில் ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது என்று அப்பா சொன்னார். ஈரத்தில் நடமாடும்போது உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே போன வாரம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். இனி மார்ச் கடைசிவரை நமக்குள் நாலரை மணி நேர வித்தியாசம் என்பதால், நீங்கள் இரவுச் சாப்பாடு முடித்து அழைத்தால் இங்கே மாலையாக இருக்கும், பாப்பா விழித்திருப்பாள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, பாப்பாவின் நாக்கில் ஒரு சொட்டுத் தேன் தடவச் சொன்னீர்கள். "அதெல்லாம் கூடாதும்மா" என்று நான் சட்டென்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் சரியாகப் பேசவில்லை. காரணம் சொல்லாமல் மறுத்தது என் தவறு. தொலைபேசியில் பாதி நேரம் படம் உறைந்துபோகிறது, மீதி நேரம் பாப்பா அழுகிறாள். ஆகவே அவள் சோறு உண்ணத் தொடங்கிய கதையையும், தேனைப் பற்றி நான் சொல்ல நினைத்ததையும் ஒன்றாக எழுதிவிடுகிறேன்.

முதலில், நான் வேலையை விட்டுவிடவில்லை. விட்டுவிட்டேனோ என்று அப்பா கவலைப்படுகிறார் என்று தெரியும். இந்த நாட்டுச் சட்டப்படி தாய், தந்தை இருவருக்குமே குழந்தை வளர்ப்பு விடுப்பு உண்டு; அந்த நாட்களில் வேலையிலிருந்து நீக்க முடியாது. இருவரும் பகிர்ந்து எடுத்தால் மொத்தம் 14 மாதங்களுக்கு அரசு உதவித்தொகை கிடைக்கும். வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தில் ஏறக்குறைய 65 விழுக்காடு, அதிகபட்சம் மாதம் 1,800 யூரோ. முதல் ஆறு மாதம் உங்கள் மருமகள் வீட்டில் இருந்தாள். இப்போது அவள் அலுவலகம் போகிறாள், நான் பாப்பாவோடு இருக்கிறேன். அதனால்தான் அவளுக்கு முதல் கரண்டி உணவை ஊட்டும் பேறு எனக்கு வாய்த்தது.

இங்கே பேறுகாலத்துக்குப் பின் வீட்டுக்கே வந்து பார்க்கும் செவிலி ஒருவர் உண்டு. ஹெபாமே என்று பெயர். நம் ஊர் மருத்துவச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முறையாகப் படித்துப் பயிற்சி பெற்றவர். குழந்தை பிறந்து 12 வாரம் வரை வருவதோடு, பால் மறக்கும் காலம் வரை உணவு பற்றி எட்டு முறை அவரிடம் ஆலோசனை கேட்டுக்கொள்ளலாம். செலவு முழுவதும் மருத்துவக் காப்பீட்டுடையது. எங்கள் ஹெபாமேக்கு உங்கள் வயதுதான் இருக்கும். வந்தவுடன் கையைக் கழுவிக்கொண்டு நேரே பாப்பாவிடம் போய்விடுவார்.

ஐந்தாம் மாதம் தொடங்குவதற்கு முன் திட உணவு கூடாது, ஏழாம் மாதத் தொடக்கத்தைத் தாண்டித் தள்ளிப்போடவும் கூடாது என்பது இங்குள்ள பொதுவான அறிவுரை. அந்த இடைவெளியில் எப்போது என்பதை நாட்காட்டியைவிடக் குழந்தையே தெளிவாகச் சொல்லும் என்றார் ஹெபாமே. சற்றே தாங்கிப் பிடித்தால் உட்கார்ந்து தலையை நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். நாம் சாப்பிடுவதைக் கண்ணால் பின்தொடர்ந்து கையை நீட்ட வேண்டும். வாயில் வைப்பதை நாக்கால் வெளியே தள்ளும் பழக்கம் குறைந்திருக்க வேண்டும். ஐந்தாம் மாதத்திலேயே உங்கள் மருமகளின் தட்டைப் பாப்பா உற்றுப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். ஆனாலும் நாக்கு தள்ளிக்கொண்டே இருந்ததால் பொறுத்தோம். ஆறு மாதம் நிறைந்த பிறகே தொடங்கினோம்.

முதல் சோற்றைத் திருச்செந்தூரில் முருகன் சந்நிதியில் ஊட்ட வேண்டும் என்பது உங்கள் ஆசை. ஹாம் நகரில் இலங்கைத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது; கோபுரத்தோடு கூடிய பெரிய கோயில், 2002-இல் குடமுழுக்கு நடந்தது. அங்கே போகலாமா என்று யோசித்தோம். ஆனால் இங்கிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் பாப்பாவை வண்டியில் கொண்டுபோக மனம் வரவில்லை. வீட்டிலேயே விளக்கேற்றி, நீங்கள் கொடுத்தனுப்பிய வெள்ளிக் கிண்ணத்தில் வடித்த சோறும் பாசிப்பருப்பும் நெய்யும் குழையப் பிசைந்து, அவளை மடியில் வைத்து ஊட்டினேன். நீங்கள் திரையில் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முதல் வாய் அப்படியே கன்னத்தில் வழிந்தது. இரண்டாவது வாய்க்கு முகத்தைச் சுளித்து உடம்பெல்லாம் சிலிர்த்தாள். மூன்றாவதை விழுங்கினாள் அம்மா. உங்களுக்கு அங்கே படம் நின்றுபோயிருந்தது. விழுங்கியதை நீங்கள் பார்க்கவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றாட உணவை இந்த நாட்டு முறைப்படித்தான் தொடங்கினோம். முதலில் மதிய வேளைக்கு மட்டும் காய்கறிக் கூழ்; இதைப் பிரை என்கிறார்கள். இது இலையுதிர் காலம் என்பதால் எங்கு திரும்பினாலும் பூசணிக்காய். இந்த ஊர் அரண்மனைத் தோட்டத்தில் ஆண்டுதோறும் பூசணிக் கண்காட்சியே நடக்கிறது. ஊருக்கு வெளியே விவசாயிகள் பூசணியைச் சாலையோரம் அடுக்கிவைத்துப் பக்கத்தில் உண்டியல் ஒன்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். காசைப் போட்டுவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். பாப்பாவின் முதல் காய் அப்படி வாங்கிய ஆரஞ்சு நிறப் பூசணிதான். தோலோடு வேகவைத்து மசித்தால் வெண்ணெயாக இருக்கும். நான்கு நாள் நான்கைந்து கரண்டி, மீதிப் பசிக்குத் தாய்ப்பால். பிறகு உருளைக்கிழங்கைச் சேர்த்தோம்.

அதற்கடுத்து இறைச்சி சேர்ப்பதுதான் இங்கே வழக்கம். கருவிலிருக்கும்போது சேர்த்துவைத்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அதை ஈடுகட்டவே திட உணவு தொடங்கிய முதல் மாதத்திலேயே இறைச்சி கொடுக்கிறார்கள். நாம் சைவம் என்று தயக்கத்தோடு சொன்னேன். ஹெபாமே சிறிதும் முகம் மாறாமல் வேறு கணக்கை எழுதிக்கொடுத்தார்: காய் 100 கிராம், உருளைக்கிழங்கு 50 கிராம், ஓட்ஸ் 10 கிராம், ஆரஞ்சுச் சாறு 30 கிராம், ஒரு கரண்டி ராப்ஸ் எண்ணெய். ஓட்ஸில் இரும்பு இருக்கிறது. ஆரஞ்சிலுள்ள வைட்டமின் சி அந்த இரும்பை உடம்பு ஏற்கச் செய்கிறது. ராப்ஸ் என்பது கடுகு இனத்துச் செடி. மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பு அந்த எண்ணெயில் உண்டு. பூசணிக்காயில் ஆரஞ்சுச் சாறா என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். பாப்பா சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறாள்.

சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெல் தண்ணீரில் நின்று வளர்வதால் மண்ணிலுள்ள ஆர்சனிக் என்னும் நஞ்சை மற்ற தானியங்களைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் குழந்தைக்கு அரிசியை மட்டுமே கொடுக்காமல் தானியங்களை மாற்றி மாற்றிக் கொடுக்கும்படி இங்குள்ள அரசு நிறுவனம் அறிவுறுத்துகிறது. நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிட்டால் அந்த நஞ்சின் ஒரு பகுதி கஞ்சியோடு போய்விடுமாம். குக்கர் வந்த பிறகும் நம் வீட்டில் நீங்கள் வடித்துத்தான் சமைப்பீர்கள். இதை ஹெபாமேயிடம் சொன்னபோது அவர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவது வாரத்தில் நான் நடுங்கிப்போன நிகழ்ச்சி ஒன்று நடந்தது. உருளைக்கிழங்கு சரியாக மசியாமல் சிறு கட்டியாக இருந்திருக்கிறது. பாப்பா திடீரென்று முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்ட, நாக்கை வெளியே நீட்டி ஓங்கரித்தாள். நான் பதறி அவளைத் தூக்கி முதுகில் தட்டப் போவதற்குள் கட்டியைத் தானே துப்பிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குத்தான் அரைமணி நேரம் கை நடுக்கம் நிற்கவில்லை. அது ஓங்கரிப்பு, தொண்டைக்குள் பெரிதாக எதுவும் இறங்காமல் குழந்தை தன்னைக் காத்துக்கொள்ளும் வழி என்று ஹெபாமே பிறகு விளக்கினார். ஓங்கரிக்கும் குழந்தைக்குச் சத்தம் வரும், இருமல் வரும். அப்போது வாய்க்குள் விரலை விடாமல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மூச்சடைத்த குழந்தைக்குச் சத்தமே வராது. அப்போது குப்புறப் போட்டுத் தலை தாழ்ந்திருக்கும்படி கையில் தாங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை தட்ட வேண்டும். இதைப் பொம்மையை வைத்து எனக்கும் உங்கள் மருமகளுக்கும் செய்துகாட்டினார். அக்கா பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது முழு நிலக்கடலையும் முழு திராட்சையும் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள் அம்மா. சின்னவனுக்கு மூன்று வயதுதான் ஆகிறது.

உப்பைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, பிள்ளை எப்படிச் சாப்பிடும்?" என்றீர்கள். உப்பின் சுவை இன்னும் அவளுக்குத் தெரியாது. தெரியாததால் இல்லாத குறையும் இல்லை. ஒரு வயதுக்குள் சிறுநீரகம் முழுதாக வளர்ந்திருப்பதில்லை; கூடுதல் உப்பை வெளியேற்ற அது பாடுபட வேண்டியிருக்கும். தாய்ப்பாலிலும் காய்கறிகளிலும் இயல்பாக உள்ள உப்பே போதும்.

இனி தேன். நான் பிறந்தபோது ஆச்சி என் நாக்கில் தேன் தடவியதையும், எனக்கு ஒன்றும் ஆகாததையும் நீங்கள் சொன்னீர்கள். உண்மைதான். அன்பினால் செய்ததைக் குறையாகச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் தேனில் சில வேளைகளில் ஒரு வகைக் கிருமியின் வித்து உறங்கிக்கிடக்கும். காய்ச்சினாலும் அது சாகாது. மலைத்தேன், கடைத்தேன் என்ற வேறுபாடும் அதற்கு இல்லை. நம் வயிற்றில் அது முளைக்காது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்துவிடலாம். முளைத்தால் அது சுரக்கும் நஞ்சு நரம்பைத் தாக்கித் தசைகளைத் தளர்த்திவிடும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் குடிக்க வலுவின்மை, தலை நிற்காமை, கடைசியில் மூச்சுவிட முடியாமல் கருவியின் துணை தேவைப்படும் நிலை. எல்லாக் குழந்தைக்கும் வருவதில்லை, மிக அரிதாகவே வரும். ஆனாலும், தடுக்க வழி இருக்கும்போது அந்த ஒரு சொட்டை என் கையால் வைக்க எனக்கு மனம் துணியவில்லை. அன்று இதைத்தான் உங்களிடம் பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பாப்பாவுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்திருப்பது கேப்பைக்கூழ். ஸ்டுட்கார்ட்டில் இலங்கைத் தமிழர் கடை ஒன்று இருக்கிறது. "கேழ்வரகு மாவு இருக்கிறதா?" என்று கேட்டேன், கடைக்கார அக்கா யோசித்துவிட்டு, "குரக்கன் மாவோ தம்பி?" என்று எடுத்துத் தந்தார். நமக்குக் கேப்பை, சென்னைக்கு ராகி, யாழ்ப்பாணத்துக்குக் குரக்கன்! 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருப்பதைக் காட்டியதும் ஹெபாமே வியந்துபோனார். ஆனால் கடை மாவு முளைகட்டியதில்லை. முளைகட்டினால் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பொருள் தானியத்தில் குறைகிறது, கூழும் இளகலாக வருகிறது. நீங்கள் ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டதற்கு இவ்வளவு பொருள் இருப்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். நீங்கள் அனுப்புவதாகச் சொன்ன சத்துமாவு இப்போது வேண்டாம். அதில் முந்திரி, நிலக்கடலை, பொட்டுக்கடலை என்று பல பொருள்கள் சேர்வதால், பாப்பாவின் உடம்பில் தடிப்பு வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்த பிறகு கேட்கிறேன். இப்போதைக்குக் கேப்பையை மட்டும் முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வறுத்துத் திரித்து இரண்டு கிலோ அனுப்புங்கள். வேறு எதுவும் அரைத்த மிச்சம் இல்லாதபடி மில்லில் முதல் ஆளாகப் போய்த் திரிக்கச் சொல்லுங்கள். நெய் அனுப்ப வேண்டாம். வெளிநாட்டுப் பால் பொருளை இங்கே உள்ளே விடமாட்டார்கள். வெண்ணெய் வாங்கி நாங்களே உருக்கிக்கொள்கிறோம், முருங்கைக்கீரை போடாத குறை ஒன்றுதான்.

மார்ச்சில் நீங்களும் அப்பாவும் வருவதற்கான விசாப் படிவத்தை இந்த வாரம் நிரப்பி அனுப்புகிறேன். மூன்று மாதம் தங்கலாம். ஏப்ரலில் பாப்பாவுக்கு ஒரு வயது நிறையும்போது நீங்கள் இங்கே இருப்பீர்கள். தேனை ஆளுக்கு இரண்டு கிலோ வரை கொண்டுவரத் தடையில்லை என்று விசாரித்துவிட்டேன். பாபநாசம் மலைத்தேன் புட்டி ஒன்றைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைத்து எடுத்து வாருங்கள். பிறந்தநாள் கழிந்த மறுநாள், உங்கள் கையாலேயே அவள் நாக்கில் தடவுங்கள்.

அன்பு மகன்