மான்ட்கோமரி கவுண்டியில் என்னோடு நடந்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும்,

கவுண்டி கவுன்சில் தேர்தலில் தோற்றுவிட்டேன். உங்களுக்குத் தெரிந்த செய்திதான். நம்ம ஊர் மாவட்டம் மாதிரியான எங்கள் மேரிலாந்து கவுண்டியில், ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் ஜெயித்தவருக்கு நவம்பர் தேர்தல் பெரும்பாலும் சம்பிரதாயம். அந்தப் பிரைமரியையே நான் தாண்டவில்லை. அன்று இரவே எல்லோருக்கும் போன் செய்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். வாட்ஸப்பில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். இரண்டு நாள் தூங்கி எழுந்து இப்போதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி எங்கள் பொருளாளர் அண்ணனுக்கு. வேட்பாளரே இல்லாவிட்டாலும் அவர் ஒரு தேர்தலை ஒழுங்காக நடத்தி முடித்திருப்பார். நான் கவுண்டியின் பொது நிதித் திட்டத்தில் சேர்ந்து நின்றேன். 2014-இல் வந்த சட்டம் அது. 2018 தேர்தலில்தான் முதன்முதலாகப் பயன்பட்டது. அந்த ஆண்டு கவுண்டி முழுவதும் ஓட்டுப் போடும் நான்கு கவுன்சில் இடங்களுக்கு ஜனநாயகக் கட்சியில் மட்டும் 33 பேர் போட்டியிட்டார்கள் என்றால் பாருங்கள். கம்பெனிகளிடம் கை நீட்டக் கூடாது, தனி ஆட்களிடம் சிறு தொகைதான் வாங்கலாம். கவுண்டியில் குடியிருப்பவர் தரும் முதல் 50 டாலரில் டாலருக்கு நான்கு, அடுத்த 50-இல் மூன்று, அதற்கடுத்த 50-இல் இரண்டு என்று கவுண்டி தன் பங்கைச் சேர்த்துத் தரும். ஆனால் தொகுதிக்கு நிற்பவர் முதலில் 125 கவுண்டிவாசிகளிடம் 10,000 டாலர் திரட்டிக் காட்ட வேண்டும். ஒவ்வொருவருக்கும் ரசீது, முகவரி, கையெழுத்து. இதையெல்லாம் ஒரு நீலக் கோப்பில் அடுக்கி வைத்தார் அண்ணன். சனிக்கிழமைக் காலையில் யாராவது இட்லி கொண்டுவந்தால், "இது நன்கொடையா, சாப்பாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டை எடுப்பார்.

ரசீது எழுதிய அந்தப் பாட்டியை அவரும் மறக்க மாட்டார். வீட்டனில் ஒரு பஸ் நிறுத்தத்தில், கைப்பையின் உள்பையிலிருந்து 5 டாலர் தாள் ஒன்றை எடுத்து, நாலாக மடித்து என் கையில் திணித்தார். ரசீதில் முகவரி எழுத வேண்டும் என்றதும், "கவர்ன்மென்ட்டுக்கா உனக்கா?" என்று கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன். அவருடைய 5 டாலர், கவுண்டியின் 20 சேர்ந்து 25 ஆனது.

ஃபிரெடரிக்கிலிருந்து வாராவாரம் வந்த அக்கா தந்த 50 டாலர், 50 ஆகவே இருந்தது. அவர் பன்னிரண்டு வருடம் ஜெர்மன்டவுனில் வாடகைக்கு இருந்தவர். பிள்ளைகள் இங்கேதான் படித்தார்கள், வேலை இன்னும் இங்கேதான். வாடகை கட்டி மாளாமல் வடக்கே பக்கத்துக் கவுண்டிக்குப் போனார். இப்போது தினமும் 270-ஆம் நெடுஞ்சாலையில் வண்டிகளோடு வண்டியாக ஊர்ந்து வருகிறார். கவுண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டதால் அவர் பணத்துக்கு ஜோடிப் பணம் கிடையாது, அவருக்கு இங்கே ஓட்டும் கிடையாது. எந்த விலைவாசியைப் பற்றி நான் பேசினேனோ அதனால் அதிகம் அடிபட்டவர்கள், ஓட்டையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வாக்காளர் பட்டியலில் மிச்சமிருப்பது எப்படியோ தாக்குப்பிடித்தவர்கள். தோற்றதற்கு இதைச் சாக்காகச் சொல்லவில்லை. என்னைவிட நன்றாகப் பேசியவர் ஜெயித்தார். ஆனாலும் நாலு மாதம் கதவு தட்டியதில் எனக்கு உறைத்தது இதுதான். அக்கா, உங்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது?

எச்1பி விசாவில் இருக்கிற தம்பிகள் மூன்று பேர். ஓட்டுப் போட முடியாது, சட்டப்படி ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. சம்பளம் வாங்காமல் நடக்கலாம். நடந்தார்கள். கெய்தர்ஸ்பர்க்கில் அவர்கள் ஏறாத மாடி இல்லை.

என் தவறு ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மேரிலாந்தில் தேர்தல் விளம்பரம் எதுவானாலும், யாருடைய பொறுப்பில் வெளியாகிறது என்று பொருளாளர் பெயரோடு ஒரு வரி இருக்க வேண்டும். வீட்டு வாசலில் நடும் பலகைகள், அதாவது யார்டு சைன், 200 அச்சாகி வந்த பிறகுதான், அந்த வரியே இல்லை என்று கண்டுபிடித்தோம். அச்சுக்குப் போன கோப்பில் அதை எழுதாமல் விட்டவள் நான். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான். அன்று ராத்திரி எங்கள் கராஜில் பலகைக்கு இரண்டு பக்கம் என்று 400 ஸ்டிக்கர் ஒட்டினோம். கடைசி ஐம்பது கோணல்மாணலாக இருந்தால் அது என் மகள் கைவண்ணம். விசிட்டர் விசாவில் வந்திருந்த அம்மா சுக்கு காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே, "நம்ம ஊர் வார்டு எலெக்‌ஷனுக்கே மைக் கட்டி ஆட்டோ வரும், இங்க என்ன இப்படி எழவு வீடு மாதிரி?" என்றார்.

லாங் பிராஞ்சில் என்னோடு வந்த எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழி தெரிந்த கல்லூரிப் பெண்ணுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பெதஸ்டாவிலிருந்து நியூ கேரல்டன் வரை 16 மைலுக்கு வரப்போகிற பர்ப்பிள் லைன் ரயில் அந்த வழியாகத்தான் போகிறது. ரயில் வந்தால் வாடகை என்ன ஆகுமோ என்று அங்கே எல்லோருக்கும் பயம். லிஃப்ட் இல்லாத பழைய செங்கல் கட்டடம். மூன்றாம் மாடியில் ஒரு எத்தியோப்பிய அம்மா கதவைப் பாதி திறந்தார். நோட்டீஸை வாங்கவில்லை. உள்ளே போய் வீட்டு உரிமையாளர் அனுப்பிய கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். வாடகை 9 சதவீதம் ஏறுகிறதாம்.

2023-இல் கவுன்சில் நிறைவேற்றி 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, விலைவாசி உயர்வோடு 3 சதவீதம் சேர்த்துத்தான் ஏற்றலாம். அதுவும் வருடத்துக்கு 6-ஐத் தாண்டக் கூடாது. 23 ஆண்டுக்கு உட்பட்ட புதுக் கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. இந்தக் கட்டடம் என்னைவிட மூத்தது. சட்டம் இருக்கிறது என்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது. அந்தப் பெண் மாடிப்படியிலேயே உட்கார்ந்து, வரி வரியாக மொழிபெயர்த்து, கவுண்டியின் வீட்டுவசதித் துறைக்குப் புகார் எழுதிக் கொடுத்தாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த அம்மா குடியுரிமை வாங்காதவர், ஓட்டு இல்லை. அன்று மாலை எங்கள் பட்டியலில் இருபது வீடு தட்டாமல் விடுபட்டது. இரண்டு வாரம் கழித்துத் திருத்திய கடிதம் வந்ததாக அவளுக்குப் போன் வந்தது. தேர்தலில் எங்களுக்குக் கிடைத்த வெற்றி என்று சொல்லிக்கொள்ள அது ஒன்று இருக்கிறது.

எனக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களில் சிலருக்கும் நன்றி. பூல்ஸ்வில் பக்கம் ஒரு பெரியவர், நான் விவசாய நிலத்தில் அடுக்குமாடி கட்டப் போவதாக யாரோ சொன்னதை நம்பிக் கோபமாக இருந்தார். 1980-இலிருந்து கவுண்டியின் மூன்றில் ஒரு பங்கு நிலம் விவசாயத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதைத் தொட வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை என்றேன். அப்புறம் தக்காளி கொடுத்து அனுப்பினார். ஓட்டு தரவில்லை என்று அவரே பிறகு சொன்னார். பொட்டோமக்கில் வீடுகளை வாடகைக்கு விடும் ஒருவர், உச்சவரம்பு வைத்தால் புதிதாக யார் கட்டுவார்கள் என்று கேட்டார். புதிதாகக் கட்டும்போது ஒரு பங்கு வீடுகளை நடுத்தர வருமானக்காரர்களுக்கு மலிவாகத் தரவேண்டும் என்று 1974-லேயே சட்டம் போட்ட கவுண்டி இது என்று நான் பெருமையாக ஆரம்பித்தேன். கட்டினால்தானே அதில் பங்கு என்றார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டுச்சாவடி வாசலில், பிரசாரம் கூடாத நூறு அடிக் கோட்டுக்கு வெளியே வெயிலில் நின்றவர்கள், கார் கொடுத்தவர்கள், என் பெயரை எல்லா மொழியிலும் தப்பாக உச்சரித்தாலும் விடாமல் சொன்னவர்கள், எல்லோருக்கும் நன்றி. என் வீட்டுக்காரருக்கு நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

யார்டு சைன்கள் உங்கள் வாசலில் இன்னும் இருந்தால் கம்பியோடு பிடுங்கி எங்கள் கராஜ் வாசலில் வைத்துவிடுங்கள், கம்பிகள் யாருக்காவது உதவும். பிறகு, எங்கள் சமையலறையில் ஒரு பெரிய எவர்சில்வர் அடுக்கு நிற்கிறது, விளிம்பில் "எஸ்.கே." என்று பெயர் வெட்டியிருக்கிறது. சாம்பார் வந்த பாத்திரம். யாருடையதோ வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணன் இன்னும் கணக்கை முடிக்கவில்லை, அதையும் ஒரு ரசீதில் ஏற்றிவிடுவார்.

அன்புடன்,
உங்கள் முன்னாள் வேட்பாளர்