கேசட்டைத் திருப்பிக் கொடுங்கள், ஐயா

பழைய விளையாட்டு ஒளிபரப்புகளைப் போட்டுச் சிரிக்கவைக்கும் நிகழ்ச்சியின் தயாரிப்புக் குழுவினருக்கு, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீங்கள் போட்டுக் கேலி செய்தது எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த பழைய கபடி ஆட்டம் என்று நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் ஆள் ஊருக்கு வந்து, கிராமத்து விளையாட்டைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறோம் என்று எங்கள் கபடிக் குழுவின் வீடியோ கேசட்டை வாங்கிப் போனதும் உங்களுக்குத் தெரியும். டீ, வடை, மதியச் சாப்பாடு எல்லாம் கொடுத்துத்தான் அனுப்பினோம். அப்புறம் எப்போது போன் போட்டாலும் "எடிட்டிங்கில் இருக்கு சார்" என்ற ஒரே பதில். எடிட்டிங் என்றால் என்னவென்று ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்குப் புரிந்தது.

சிரிக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நக்கலில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டியதும் இல்லை. மைக் பிடித்த டிரில் சார், "கோப்பை யாருக்கு என்று சொல்லப்போகும் கடைசிப் பாட்டு" என்று தொண்டை நரம்பு புடைக்கச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் கோயில் வாசலை அடைத்து நிற்கும் வெள்ளை வேனை எடுக்கச் சொன்னார். (பாட்டு என்றால் எங்கள் பக்கம் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே எதிர்க்களத்துக்குப் போவது.) பாடிப் போனவன் எதிர்க்களத்தில் நிற்கும்போதே, அவனைப் பிடிப்பவருக்கு ஐம்பத்தொரு ரூபாய் அன்பளிப்பு என்று சீட்டை வாசித்தார். அதற்கு நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். சாரே சிரித்தார்.

அடுத்து நீங்கள் போட்டதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

அந்தக் கடைசிப் பாட்டில் எங்கள் அண்ணன் திரும்பி நடுக்கோட்டுக்குப் பாய்கிறார். ஒரு எட்டுதான் பாக்கி. இரண்டு பேர் இடுப்பைக் கட்டுகிறார்கள், மூன்றாவது ஆள் கணுக்காலைப் பிடிக்கிறான். உடம்பு ஒரு பக்கம் திரும்புகிறது, கால் மண்ணில் ஊன்றியபடியே நிற்கிறது. இந்த இடத்தில் நீங்கள் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் சேர்த்தீர்கள். திரும்பத் திரும்ப முன்னும் பின்னும் ஓட்டினீர்கள். அவர் வாய் திறந்து அலறுவதற்கு ஒரு காதல் பாட்டைப் பொருத்தினீர்கள். அரங்கத்தில் ஒரே கைதட்டு.

அன்றைக்கு அறுந்தது முட்டியின் சவ்வு. அவருக்கு ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வுக்கு அடுத்த மாதம் அழைப்பு இருந்தது. 1990-இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் கபடியை முதன்முதலாகப் பதக்க விளையாட்டாகச் சேர்த்து, இந்தியா தங்கம் வாங்கி வந்திருந்த நேரம் அது. நன்றாகப் பாடிப் போய் வருபவனுக்கு அரசு வேலை உண்டு என்று எங்கள் பக்கத்துப் பையன்கள் நம்ப ஆரம்பித்திருந்தார்கள். வீண் நம்பிக்கையும் இல்லை. இதே சீமையின் கபடி வீரர் மணத்தி கணேசன் 1995-இல் அர்ஜுனா விருது வாங்கினார். எங்கள் அண்ணனோ பெட்டிக்கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். சம்மணம் போட முடியாததால் எந்தக் கல்யாணப் பந்தியிலும் தரையில் உட்கார்ந்ததில்லை. அப்பா கபடி ஆடியதை அவர் மகள் முதன்முதலாகப் பார்த்தது உங்கள் நிகழ்ச்சியில்தான். மறுநாள் கல்லூரியில் எல்லார் போனிலும் அந்த 'டொய்ங்'.

அவர் ஆடிய படம் அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவர் கொடைக்கு வந்த இடத்தில் சும்மா எடுத்துக் கொடுத்தது. வேறு பிரதி கிடையாது. 1983 உலகக் கோப்பையில் டன்பிரிட்ஜ் வெல்ஸில் கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 அடித்தாரே, அதற்கே இன்றுவரை ஒரு துண்டு வீடியோ இல்லை. ஊர்க்கொடைக் கபடிக்கு எவன் கேமராவோடு வரப்போகிறான்? அதனால்தான் கேட்கிறோம்: அந்தக் கேசட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "இப்படி இழுத்து இழுத்துத் தமிழில் வர்ணனை பண்ண எங்கேதான் கத்துக்கிட்டாங்களோ" என்று உங்கள் தொகுப்பாளர் கேட்டார். வானொலியில் கற்றுக்கொண்டோம், தம்பி. சேப்பாக்கத்து கிரிக்கெட்டைத் தமிழில் காதால் பார்க்கவைத்த அப்துல் ஜப்பார் எங்கள் சாத்தான்குளத்துக்காரர். ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி இலங்கை டிவி ரூபவாஹினியில் புள்ளி புள்ளியாக மேட்ச் பார்த்த எங்களுக்கு அந்தக் குரல்தான் தெளிவான படம். எங்கள் டிரில் சார் அவரைக் கேட்டுத்தான் மைக் பிடித்தார். உங்களுக்குத் திருநெல்வேலி என்றால் 'ஏலே', அரிவாள், அல்வா. அதைத் தாண்டி ஒன்றும் தெரிந்துகொள்ளக் கூடாது என்று சேனலில் சட்டம் ஏதும் இருக்கிறதா?

இந்த மாதிரி நிகழ்ச்சியை அமெரிக்காவில் 2004-லிருந்து 2006 வரை ஸ்க்லார் என்ற இரட்டைச் சகோதரர்கள் நடத்தினார்கள். 'சீப் சீட்ஸ்' என்று பெயர். இஎஸ்பிஎன் கிளாசிக் சேனல், தன்னிடம் இருந்த பழைய ஒளிபரப்புகளையே எடுத்துக் கேலி செய்தது. எவர் வீட்டு பீரோவிலிருந்தும் வாங்கி வந்து செய்யவில்லை. உங்கள் சேனலின் பழைய நாடாக்களிலும் சிரிப்பதற்கு எவ்வளவோ இருக்கும். தொடங்கிய காலத்துப் பேட்டிகளைப் போடுங்களேன், நாங்களும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறோம்.

சரி, கோபத்தில் பேச்சு எங்கேயோ போய்விட்டது. மன்னிப்பு நிகழ்ச்சியெல்லாம் வேண்டாம். அதிலும் ஒரு 'டொய்ங்' போடுவீர்கள். அந்த முட்டிக் காட்சியை மட்டும் இணையத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கேசட்டைக் கொடுங்கள். ஏற்கெனவே பூஞ்சை பிடிக்க ஆரம்பித்த நாடா அது, குளிர்சாதன அறையிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து அறைக்கும் மாற்றிக்கொண்டிருந்தால் தாங்காது. தபாலில் போட வேண்டாம், உடைந்துவிடும். நெல்லை எக்ஸ்பிரஸில் எங்கள் ஆள் ஒருவர் வந்து எழும்பூரில் இறங்கி, உங்கள் அலுவலக வாசலிலேயே நின்று வாங்கிக்கொள்வார். வாட்ச்மேனிடம் கொடுத்துவைத்தால் கூடப் போதும். எந்த நாள் என்று மட்டும் தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆளுக்குக் கேசட்டை எடுத்துக் கொடுத்த முன்னாள் செயலாளர்