தொலைநோக்கி முதுகில் குட்டிக் கணினி

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்மீன்களைப் படமெடுப்பது பற்றிய கட்டுரையில், தொலைநோக்கியின் கருவிகளை இயக்கும் கணினியை எங்கே வைப்பது என்ற விஷயம் விடுபட்டுவிட்டது. தரையில் வைத்தால் கேமரா, விண்மீன் நகர்வைக் கண்காணிக்கும் கைடு கேமரா, குவியத்தைச் சரிசெய்யும் ஃபோகசர் என ஒவ்வொன்றின் வயரும் கீழே தொங்கும். படமெடுக்கும் விண்மீன் உச்சிக்கோட்டை (வானைக் கிழக்கு, மேற்கு எனப் பிரிக்கும் வடக்கு-தெற்குக் கோடு) தாண்டியதும், தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் மவுன்ட் புரண்டு திரும்பும்போது ஏதாவதொன்று முக்காலியில் மாட்டிக்கொள்ளும். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியைத் தொலைநோக்கிக் குழாயின் மேல் உள்ள டவ்டெயில் பட்டையிலேயே (கருவிகளைப் பொருத்தும் உலோகப் பட்டை) திருகிவிட்டால், கீழிறங்குவது 12 வோல்ட் வயர் ஒன்றுதான்.

ராஸ்பெர்ரி பை 4 மாடலுக்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். அந்த 5 வோல்ட்டைத் தரையிலிருந்து மெல்லிய, நீளமான வயரில் ஏற்றினால் வழியிலேயே வோல்டேஜ் விழும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை வரும். கேமரா இணைப்பும் பாதியில் அறுந்துபோகலாம். பாவம், திட்டு வாங்குவது மென்பொருள்! 12-ஐ 5 ஆக்கும் கன்வெர்ட்டரைக் கணினிக்குப் பக்கத்திலேயே பொருத்துங்கள்.

யூ.எஸ்.பி. 3 வயர்களின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்கள். லென்ஸில் பனி படியாமல் காக்கும் ஹீட்டர் பட்டைக்கு 12 வோல்ட்டிலிருந்தே தனிக் கிளை.

வயர்களைக் கட்டி முடித்த பிறகே எடைச் சமநிலை பாருங்கள். மவுன்டின் அச்சுகளை இறுக்கிப் பிடிக்கும் கிளட்சைத் தளர்த்திக் கையை எடுத்தால் குழாய் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும்.

– வானியல் ஆர்வலர்கள் சிலர், மதுரை